தலைச்சுற்றலுக்குப் படுக்கை மருந்தாகுமா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்)

சிறு வயதில் தட்டாமாலை சுற்றாதவர் நம்மில் எவரேனும் உண்டோ? இரு கைகளையும் விரித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றுவோம். சுற்றி நின்றதும் வேப்பமரமும் கோவிலும் தெருவும் நம்மைச் சுற்றி ஓடும். கால்கள் தள்ளாடும். சிரித்துக்கொண்டே மண்ணில் விழுவோம். அவ்வாறு சுற்றி நின்ற தோழன் ஒருவனின் கண்களை அருகில் சென்று உற்றுப் பார்த்ததுண்டா? கருவிழிகள் இரண்டும் ஒரு பக்கமாக மெல்ல நகரும். உடனே மறுபக்கம் வெடுக்கென்று திரும்பும். மீண்டும் மெல்ல நகரும். அதை அவன் விரும்பிச் செய்வதில்லை. நிறுத்த நினைத்தாலும் அவனால் இயலாது. அரை நிமிடத்திற்குள் தானாகவே அடங்கிவிடும்.

விளையாட்டில் இன்பம் தரும் இந்தச் சுழற்சி, சுற்றாமலே வந்து நாட்கணக்கில் நீடித்தால் எப்படியிருக்கும்? இக்கேள்வியை நான் பாடப் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. என் வீட்டிலிருந்து எடுத்தேன்.

என் தாயார் சித்தாள் வேலைக்கும், பருவத்தில் நாற்று நடவுக்கும் செல்பவர். சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில், காய்ச்சல் கண்டு தேறிய மறுவாரம், விடியற்காலையில் எழுந்தவர் சுவரைப் பிடித்தபடியே கீழே சரிந்தார். வீடே சுழல்கிறது என்றார். கண்ணைத் திறந்தால் வாந்தி. அன்று அவருடைய கண்களில் நான் கண்டது, தட்டாமாலை சுற்றியவனின் கண்களில் காணும் அதே ஆட்டந்தான். ஆனால் அது அரை நிமிடத்தில் நிற்கவில்லை. பித்தம் தலைக்கேறிவிட்டது என்றார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. சுக்குக் கஷாயம் கொடுத்தோம். பின்னர் மருத்துவர் ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, மீண்டும் வந்து காட்டச் சொன்னார். மூன்றாம் நாள் வாந்தி நின்றது. கண்ணின் ஆட்டமும் அடங்கியது. ஆகவே மீண்டும் சென்று காட்டாமல், பழைய சீட்டையே கடையில் நீட்டி அதே மாத்திரையை இரண்டு மாதம் வாங்கிக் கொடுத்தோம்.

பெரிய சுழற்சி போய்விட்டது. ஆனால் தள்ளாட்டம் போகவில்லை. தலையைத் திருப்பினால் எதிரிலுள்ளவை கலங்கின. நடந்தால் தரை பஞ்சு போல் இருக்கிறது என்றார். தலையை அசைத்தால்தானே சுற்றுகிறது, அசைக்காமல் இருந்தால் ஆறிவிடும் என்பது எங்கள் அனைவரின் முடிவு. அறிவியல் படிக்கும் மகன் நான். தலை அசையாமலிருக்க இருபுறமும் தலையணை வைத்துக் கொடுத்தவனும் நானே! வீட்டில் ஒரு கூலி நின்றுபோனது. இரண்டாம் பருவக் கட்டணம் கட்டாமல் மில் வேலைக்குப் போய்விடலாமா என்றுகூட எண்ணினேன்.

தை மாதத்தில், வேறொரு மருத்துவமனையின் இயன்முறை மருத்துவரிடம் எங்களை அனுப்பினார்கள். என்னைவிட ஐந்தாறு வயதே மூத்தவராயிருந்த அந்தப் பெண்மணி முதலில் கேட்டது இதுதான்: “எத்தனை நாளாம்மா படுத்திருக்கீங்க?”

“கார்த்திகையில படுத்தேன் தாயி. தை பொறந்துருச்சு.”

“படுத்தது போதும்மா. இன்னைக்கே தலையை ஆட்ட ஆரம்பிக்கணும்.”

என் தாயார் என்னைத் திரும்பிப் பார்த்தார். தலையை ஆட்டினால் வரும் நோய்க்குத் தலையை ஆட்டுவதே மருந்தா? அவ்வியப்பே என்னை நூலகத்திற்கு அனுப்பியது. அங்கே நான் அறிந்தவற்றைத் தோழர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காதுக்குள் ஒரு தராசு

காது கேட்பதற்கு மட்டுமே உரியது என்று நாம் எண்ணுகிறோம். உட்செவியில் நத்தைக்கூடு போன்ற காக்ளியா மட்டுமே கேட்பதற்கு உரியது. அதை அடுத்திருப்பது சமநிலை உறுப்பு. அதில் ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அறையின் மூலையில் தரையும் இரு சுவர்களும் சந்திப்பதுபோல, அவை ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாக அமைந்துள்ளன. ஆகவே தலை எத்திசையில் திரும்பினாலும் அவற்றுள் ஒன்றேனும் அதை உணரும்.

குழலுக்குள் எண்டோலிம்ப் என்னும் திரவம் நிறைந்துள்ளது. குழலின் ஒரு முனையிலுள்ள புடைப்பில், கூப்புலா என்னும் கூழ் போன்ற திரை குறுக்கே நிற்கிறது. உணர்செல்களின் நுண்மயிர்கள் அதனுள் பதிந்துள்ளன. பேருந்து திடீரென்று கிளம்பும்போது நிற்பவர் பின்னால் சாய்வது போல, தலை திரும்பும்போது திரவம் பின்தங்கும். திரை வளையும், மயிர்கள் சாயும், செய்தி எட்டாவது மூளை நரம்பின் வழியே மூளையை அடையும். பேருந்து நிற்கும்போது நாம் முன்னால் சாய்கிறோம் அல்லவா? அதுபோலத் தட்டாமாலையை நிறுத்தியதும் திரவம் தொடர்ந்து ஓடித் திரையை மறுபக்கம் வளைக்கிறது. நின்றுவிட்ட நாம் எதிர்த்திசையில் சுழல்வதாக மூளை ஏமாறுகிறது. தெரு சுற்றும் மாயம் இதுவே.

குழல்களை ஒட்டி யூட்ரிக்கிள், சாக்யூல் என்னும் இரு சிறு பைகள் உள்ளன. அவற்றில் கால்சியம் கார்பனேட்டால் ஆன நுண்படிகங்கள் ஒரு கூழ்ப்படலத்தின்மேல் பதிந்திருக்கின்றன. தலை சாய்வதையும், உடல் முன்னும் பின்னும் மேலும் கீழும் செல்வதையும் இவை உணர்த்துகின்றன.

காது மட்டுமே நம்மை நிற்க வைப்பதில்லை. கண் காட்டும் காட்சியும், பாதம், மூட்டு, தசை ஆகியவை தரும் உணர்வும் அதனோடு சேர்கின்றன. சமநிலை என்பது இம்மூன்று கால்களில் நிற்கும் முக்காலி எனலாம்.

கண்ணுக்குக் காது செய்யும் உதவி

இப்பொழுது ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இம்மலரைக் கையில் பிடித்து, தலையை அசைக்காமல், மலரை மட்டும் இடமும் வலமுமாக வேகமாக ஆட்டுங்கள். எழுத்துகள் கலைந்துவிடும். அடுத்து மலரை அசைக்காமல் பிடித்து, அதே வேகத்தில் தலையை ஆட்டுங்கள். எழுத்துகள் தெளிவாகவே தெரியும். ஏன் இந்த வேறுபாடு?

முதற் சோதனையில் கண் தானே பார்த்து, தானே பின்தொடர வேண்டும். விழித்திரையிலிருந்து செய்தி சென்று கண் நகர ஏறத்தாழ ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது. இரண்டாவது சோதனையில் காது உதவுகிறது. தலை வலப்பக்கம் திரும்பினால், அதே அளவு கண்ணை இடப்பக்கம் திருப்பும்படி ஆணை செல்கிறது. இதற்கு ஆகும் நேரம் நொடியில் நூறில் ஒரு பங்கே. மூன்றே நரம்புச் செல்கள் கொண்ட குறுகிய பாதையில் நிகழும் அனிச்சைச் செயல் இது. நடக்கும்போதும் ஓடும்போதும் நம் தலை ஆடிக்கொண்டே இருக்கிறது. ஆயினும் உலகம் ஆடாமல் நிற்பது இதனாலேயே.

இது இல்லாவிட்டால் வாழ்க்கை எப்படியிருக்கும்? 1952-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஒருவர், ஜே.சி. என்ற முதலெழுத்துகளை மட்டும் இட்டு, நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் தம் அனுபவத்தை எழுதினார். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தினால் அவருடைய இரு காதுகளின் சமநிலை உறுப்பும் கெட்டுப்போயிற்று. நடக்கும்போது எதிரில் வருபவரின் முகம் அடையாளம் தெரியவில்லை. கட்டிலில் படுத்துப் படிக்கும்போது, நாடித்துடிப்பினால் தலை அசையும் சிற்றசைவுக்கே எழுத்துகள் துள்ளின. ஆகவே கட்டிலின் தலைப்பக்கத்து இரும்புக் கம்பிகள் இரண்டின் இடையே தலையை இறுத்திக்கொண்டே அவர் படிக்க வேண்டியிருந்தது! பார்வைக் குறை ஏதும் இல்லாதவருக்கு நேர்ந்த நிலை இது.

விழி நடுக்கம் எவ்வாறு தோன்றுகிறது?

ஏரில் பூட்டிய இரு காளைகளைப் போன்றவை நம் இரு காதுகளும். தலை அசையாதபோதும் இருபுறத்து நரம்புகளும் சமமாகத் துடித்துக்கொண்டே இருக்கின்றன. தலை வலப்பக்கம் திரும்பினால் வலப்பக்கத் துடிப்பு கூடும். இடப்பக்கத் துடிப்பு குறையும். இவ்வேறுபாட்டைக் கொண்டே மூளை திசையை அறிகிறது.

என் தாயாருக்கு நேர்ந்தது, இடப்பக்கச் சமநிலை நரம்பில் ஏற்பட்ட அழற்சி. வெஸ்டிபுலார் நியூரைட்டிஸ் என்று அதனைக் குறிப்பிடுகின்றனர். ஒரு காளை திடீரென்று படுத்துவிட்டால் ஏர் ஒரு பக்கமாக இழுக்குமல்லவா? இடப்பக்கம் ஓய்ந்து வலப்பக்கம் மட்டும் துடித்தபோது, தலை வலப்பக்கம் சுழன்றுகொண்டே இருப்பதாக மூளை கருதியது. அதை ஈடுசெய்யக் கண்களை இடப்பக்கம் மெல்ல நகர்த்தியது. கண் ஓரத்தை நெருங்கியதும் வெடுக்கென்று வலப்பக்கம் திருப்பியது. மெதுவான நகர்வும் விரைவான திருப்பமும் மாறி மாறி வரும் இவ்விழி நடுக்கத்தையே மருத்துவர்கள் நிஸ்டாக்மஸ் என்கின்றனர்.

இவ்வுண்மைகள் ஒரே நாளில் வெளிப்படவில்லை. 1820-களில் பிரெஞ்சு அறிஞர் ஃப்ளூரன்ஸ் புறாக்களின் அரைவட்டக் குழல்களைத் துண்டித்துப் பார்த்தார். அவற்றின் செவித்திறன் கெடவில்லை. எந்தக் குழல் வெட்டப்பட்டதோ அதன் தளத்திலேயே தலை ஆடியது. 1861-ல் பாரிஸ் மருத்துவர் மெனியர், மூளையில் இரத்தம் தேங்குவதால் வருவதாகக் கருதப்பட்ட தலைச்சுற்றல் உட்செவியிலிருந்தும் வரலாம் என்று எடுத்துரைத்தார். வியன்னா நகரின் ராபர்ட் பாராணி, நோயாளிகளின் காதுகளை நீரால் கழுவும்போது விழி நடுங்குவதைக் கண்டார். குளிர்ந்த நீருக்கு ஒரு திசையிலும் வெந்நீருக்கு எதிர்த்திசையிலும் விழி நடுங்கியது. வெப்பத்தால் குழலின் திரவம் ஓடுவதே காரணம் என்று அவர் விளக்கினார். ஒவ்வொரு காதையும் தனித்தனியே சோதிக்கும் வழி இதனால் பிறந்தது. 1914-ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டபோது, முதல் உலகப் போரில் பிடிபட்டு ருஷ்யச் சிறை முகாமில் இருந்தார் அவர்! 1983-ல் எடையற்ற விண்வெளியிலும் இச்சோதனை விழி நடுக்கத்தை உண்டாக்கியதால், வெப்ப ஓட்டம் ஒன்றே காரணமன்று என்பது பின்னர் தெரியவந்தது.

படுக்கையிலிருந்து எழுப்பியவர்கள்

நோயின் காரணம் தெரிந்தும், நோயாளியைப் படுக்க வைக்கும் வழக்கமே நெடுங்காலம் நீடித்தது. அதை மாற்றியவர்கள் லண்டன் நகரைச் சேர்ந்த இருவர். ஒருவர் காது மூக்குத் தொண்டை அறுவை மருத்துவர் டெரன்ஸ் காதோர்ன். மற்றவர் உடலியக்க மருத்துவர் குக்ஸி. இரண்டாம் உலகப் போரின்போது தலையில் அடிபட்டவர்களும், உட்செவி அறுவைக்கு உட்பட்டவர்களும் தலைச்சுற்றலால் வருந்தினர். அவர்களுள் தலையை அசைத்து விரைவில் நடமாடத் தொடங்கியவர்களே விரைவில் குணமடைவதைக் காதோர்ன் கவனித்தார். இருவரும் சேர்ந்து 1940-களில் ஒரு பயிற்சி வரிசையை வகுத்தனர்.

அவ்வரிசை மிக எளியது. முதலில் படுக்கையிலேயே கண்ணை மேலும் கீழும், இடமும் வலமும் அசைத்தல். விரலைத் தொலைவிலிருந்து அருகில் கொண்டுவந்து பார்த்தல். பின்னர்த் தலையை மெதுவாகவும், அடுத்து வேகமாகவும், அதற்கடுத்துக் கண்ணை மூடிக்கொண்டும் அசைத்தல். உட்கார்ந்து குனிந்து தரையிலுள்ள பொருளை எடுத்தல். உட்கார்ந்து எழுதல். சிறு பந்தைக் கண்மட்டத்திற்கு மேல் ஒரு கையிலிருந்து மறு கைக்கு எறிதல். இறுதியில் சரிவிலும் படியிலும் ஏறி இறங்குதல், பந்து விளையாட்டு. நோயாளிகள் குழுவாகச் சேர்ந்து இவற்றைச் செய்தனர். தனியே இருந்தால் அச்சம் மிகும். பலர் கூடினால் அச்சம் விளையாட்டாகிவிடும் அன்றோ?

1970-களில் விலங்குகளிடம் நடந்த ஆய்வுகளும் இதனை உறுதி செய்தன. ஒருபக்கச் சமநிலை நரம்பு துண்டிக்கப்பட்ட பபூன் குரங்குகளைத் தொடக்க நாட்களில் அசையாமல் கட்டிவைத்தபோது, அவை தேறுவது தாமதமாயிற்று. ஒரு பக்க உறுப்பை இழந்த பூனைகளை இருட்டில் வைத்தபோது, கண்ணை நிலைநிறுத்தும் திறன் மீளவில்லை. இதைப் படித்தபோது எங்கள் வீட்டின் இருண்ட மூலையும், நான் வைத்த இரு தலையணைகளும் என் கண்முன் வந்தன.

மூளை பாடம் கற்கும் மூன்று வழிகள்

கெட்டுப்போன நரம்பு முழுவதும் மீளாமற் போகலாம். ஆயினும் மூளை, குறிப்பாகச் சிறுமூளை, புதிய கணக்கைக் கற்றுக்கொள்ளும். அசையாதிருக்கும்போது தோன்றும் சுழற்சியும் விழி நடுக்கமும் பெரும்பாலும் சில நாட்களில் தாமே அடங்குகின்றன. அசையும்போது தோன்றும் கலக்கமோ பயிற்சியினால்தான் சீர்ப்படும். அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, சரிசெய்தல். சுவரில் ஒரு குறியைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே தலையை இடமும் வலமுமாக ஆட்ட வேண்டும். கண் பின்தங்கினால் குறி சற்றே கலங்கும். அக்கலக்கமே மூளைக்கு ஆசிரியர். “உன் கணக்கில் பிழை இருக்கிறது” என்று அது சொல்கிறது, மூளை திருத்திக்கொள்கிறது. பிழையே நேராவிட்டால் திருத்தமும் நேராது. படுத்தே கிடப்பவரின் மூளைக்குப் பாடமே நடப்பதில்லை என்பதை இதனால் உணரலாம். குறி தெளிவாகத் தெரியும் எல்லைவரை வேகத்தைக் கூட்ட வேண்டும். தேறிய பின்னர், குறியைக் கையில் பிடித்து, தலை ஒரு பக்கமும் கை மறுபக்கமும் செல்லுமாறு ஆட்ட வேண்டும்.

இரண்டாவது, மாற்றுத் துணை. முக்காலியின் ஒரு கால் தேய்ந்தால் மற்ற இரு கால்களை வலுப்படுத்துவது இம்முறை. கால்களை ஒட்டி வைத்து நிற்றல், ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை வைத்து நேர்கோட்டில் நடத்தல், மெத்தைமேல் நிற்றல், கண்ணை மூடி நிற்றல் ஆகியவை இதில் அடங்கும். ஜே.சி. போன்று இரு காதுகளையும் இழந்தவர்கள் பெரிதும் நம்பவேண்டியது இதனையே.

மூன்றாவது, பழக்கப்படுத்தல். எந்த அசைவு தலைச்சுற்றலைக் கொண்டு வருகிறதோ, அதையே சிறிது சிறிதாகத் திரும்பத் திரும்பச் செய்து அதன் கூர்மையை மழுக்குதல்.

பயிற்சியின்போது சிறிது தலைச்சுற்றல் வரத்தான் செய்யும். அதைக் கண்டு பயிற்சியை விட்டுவிடுவோரே மிகுதி. தலைச்சுற்றலை அடக்கும் மாத்திரைகள் முதல் சில நாட்களுக்கு உதவக்கூடியவை. ஆனால் அவையே மூளையையும் மந்தப்படுத்துவதால், மாதக்கணக்கில் தொடர்ந்தால் மூளை கற்பது தாமதமாகும். நாங்கள் செய்த இரண்டாம் பிழை இதுவே.

பயிற்சியின் பயன் வெறும் நம்பிக்கையன்று. 2015-ல் புதுப்பிக்கப்பட்ட காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 39 ஆய்வுகளை ஒருங்கே நோக்கி, ஒரு பக்கச் சமநிலைக் குறைபாட்டுக்கு இப்பயிற்சி பாதுகாப்பானது, பயனுள்ளது என்று முடிவு கூறியது. அமெரிக்க இயன்முறை மருத்துவர்களின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டி, நாட்பட்ட ஒருபக்கக் குறைபாட்டுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 5 முறையாக, மொத்தம் 20 நிமிடமேனும், 4 முதல் 6 வாரங்கள் பார்வையை நிலைநிறுத்தும் பயிற்சி செய்யுமாறு கூறுகிறது. தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் அசைக்கும் பயிற்சி இதற்கு ஈடாகாது என்றும் அது எச்சரிக்கிறது.

எல்லாத் தலைச்சுற்றலும் ஒன்றன்று

இதைப் படித்துவிட்டுத் தலைச்சுற்றல் வந்த அனைவரையும் தலையாட்டச் சொல்லிவிடக் கூடாது. நோய்க்கேற்ப வழியும் மாறும்.

படுக்கையில் புரளும்போதும், பரண்மேல் அண்ணாந்து பார்க்கும்போதும் மட்டும் ஒரு நிமிடத்திற்குள் வந்து மறையும் சுழற்சி ஒன்று உண்டு. யூட்ரிக்கிள் பையிலுள்ள நுண்படிகங்கள் கழன்று அரைவட்டக் குழலுக்குள் விழுவதே இதன் காரணம். நோயாளியை விரைந்து படுக்க வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, விழி நடுக்கத்தைக் கண்டு இதனை அறியும் முறையை 1952-ல் டிக்ஸ், ஹால்பைக் இருவரும் விளக்கினர். தலையை வரிசையாகச் சில நிலைகளில் திருப்பி, படிகங்களை உருட்டி வெளியேற்றும் முறையை அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி கண்டார். 1980-ல் அவர் செய்து காட்டியபோது பலர் நம்பவில்லை. 1992-ல்தான் அவருடைய கட்டுரை இதழில் ஏறியது. இன்று பலர் ஓரிரு அமர்வுகளிலேயே இதனால் குணம் பெறுகின்றனர். மருந்தில்லை, கத்தியில்லை, குழல் எப்பக்கம் வளைந்திருக்கிறது என்ற அறிவு ஒன்றே போதுமானதாயிற்று!

மற்றொரு புறம், தலைச்சுற்றல் மூளைப் பக்கவாதத்தின் அடையாளமாகவும் இருக்கலாம். திடீர்ச் சுழற்சியோடு பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிதல், நாக்குக் குழறுதல், முகமோ கைகாலோ செயலிழத்தல், பிடித்தும் நிற்க முடியாமை, என்றுமில்லாத தலைவலி ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் கஷாயம் காய்ச்சிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். விழி மேலும் கீழுமாக நடுங்குவதும், பார்க்கும் பக்கத்திற்கேற்ப நடுக்கத்தின் திசை மாறுவதும் மூளையிலுள்ள கோளாற்றைச் சுட்டக்கூடும்.

குழந்தைப் பருவத்திலேயே தோன்றி வாழ்நாள் முழுவதும் தொடரும் விழி நடுக்கமும் உண்டு. பிறவியிலேயே தோலிலும் கண்ணிலும் நிறமி குறைந்தவர்களிடம் இது மிகுதி. அவர்களுக்கு உலகம் பெரும்பாலும் ஆடுவதாகத் தோன்றுவதில்லை. ஆனால் பார்வைக் கூர்மை குறையும். மேற்கூறிய பயிற்சிகள் இதைப் போக்கா. கண்ணாடியும், சிலருக்கு அறுவையும் உதவும். இவர்களுள் பலருக்கு, கண்ணை ஒரு குறிப்பிட்ட பக்கம் வைத்தால் நடுக்கம் குறைந்து தெளிவாகத் தெரியும். அதற்காகவே தலையை ஒரு பக்கம் சாய்த்தோ திருப்பியோ பார்ப்பார்கள். என் பள்ளிப் பருவத்தில் எங்கள் வகுப்பில் அவ்வாறு பார்த்த மாணவன் ஒருவனை, “நேராகப் பாரடா” என்று அதட்டுவதும் நாங்கள் சிரிப்பதும் வழக்கம். அவன் கோணலாகப் பார்க்கவில்லை. தனக்குத் தெளிவாகத் தெரியும் ஒரே வழியில் பார்த்தான் என்பதை இன்று அறிந்து வெட்குகிறேன். இத்தகையோர் நம் வகுப்பில் இருப்பின், அவர்கள் விரும்பும் இருக்கையில் அமரவிடுவதும் எழுத்தைப் பெரிதாக எழுதுவதும் நம் கடமையாகும்.

சுவரில் ஒரு பொட்டு

இனி என் தாயாரின் கதைக்கு வருகிறேன். அந்த இயன்முறை மருத்துவர் ஒரு தாளில் ‘அ’ என்று எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். “எனக்கு எழுத்துத் தெரியாதே தாயி” என்றார் என் தாயார். “படிக்க வேண்டாம்மா, கலையாமத் தெரிஞ்சாப் போதும்” என்று அவர் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் தாள் தேடாமல், தம் நெற்றியிலிருந்த ஒட்டுப்பொட்டையே எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டார் என் தாயார்.

முதல் வாரம் கொடுமையாக இருந்தது. ஒரு நிமிடம் தலையாட்டினால் சிறிது நேரம் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார். “இதுக்குப் படுத்தே கிடந்திருப்பேன் தம்பி” என்று அழுதார். நான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். மாத்திரையை மருத்துவர் சொன்னபடி குறைத்து நிறுத்தினோம். நிற்கும் பயிற்சியை அறையின் மூலையில், முன்னால் ஒரு நாற்காலியை வைத்துச் செய்தார். விழுந்தாலும் சுவர் தாங்கும். மூன்றாம் வாரம் பொட்டுக் கலையவில்லை என்றார். ஐந்தாம் வாரம் தெருக்குழாய்க்குச் சென்று தாமே தண்ணீர்க் குடம் எடுத்து வந்தார். அன்று எங்கள் தெருவில் எவரும் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. நான் வாசலிலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முழுவதும் பழையபடி ஆகிவிட்டார் என்று நான் எழுதமாட்டேன். இருட்டில் இன்னும் சுவரைத் தொட்டே நடக்கிறார். கண்ணின் துணை இல்லாத இடத்தில் காதின் குறை வெளிப்படத்தான் செய்யும். சாரத்தில் ஏறிக் கல் சுமக்கும் வேலையை விட்டுவிட்டார். நடவுக்கும் களையெடுப்புக்கும் சென்று வருகிறார். நானும் கல்லூரியில் இருக்கிறேன்.

தோழர்களே, நம்மில் பலர் நம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தால், “நீ படித்தவன்தானே, என்ன செய்யலாம் சொல்” என்று நம்மையே பார்ப்பார்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லித் தலையணை வைத்துவிடாதீர்கள். கேளுங்கள், படியுங்கள், தக்கவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தலைச்சுற்றல் தணிந்த பின்னும் தள்ளாடிக்கொண்டிருக்கும் தாயோ பாட்டியோ உங்கள் வீட்டு மூலையிலும் படுத்திருக்கலாம். காரணத்தை மருத்துவர் ஆராய்ந்து, பயிற்சி ஏற்றது என்று கூறிய பின்னர், அவர்களை எழுப்பி உட்கார வையுங்கள். எதிரில் ஒரு கடிகாரத்தோடு நீங்களும் உட்காருங்கள்.

எங்கள் வீட்டுச் சுவரில் அந்தப் பொட்டு இன்னும் இருக்கிறது. அதை எடுக்க என் தாயார் விடுவதில்லை.